தொட்டியில் மூழ்கிய கறுப்புக் கோட்டு

என் மகனுக்குக் காய்ச்சல் விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. முகத்தில் தழும்புகூட அதிகமில்லை. நேற்று முற்றத்தில் ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு தெருவே கேட்கும்படி அழுதான். அந்த அழுகையின் பலத்தைக் கேட்டு நான் அடுப்படியில் நின்றபடியே கர்த்தருக்கு நன்றி சொன்னேன். ஆனாலும் வெளியே போய்வந்தால், கிணற்றடியில் குளித்துச் சேலை மாற்றாமல் அவனைத் தொட எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.

அம்மை கண்ட ஒரு வீட்டை யாரும் எட்டிப் பார்க்கவில்லையே என்று இரக்கப்பட்டு, ஜெபம் பண்ணப் போனவள் நான். அந்த வீட்டுக் குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவளும் நான்தான். அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாளில் என் மகன் படுத்தான். வைத்தியர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கிணற்றடியில் சேலையை அலசும்போதெல்லாம் அப்பாவின் கறுப்புக் கோட்டு ஞாபகத்துக்கு வருகிறது. அதைக் கொல்லப் பார்த்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

அன்று மலைகளில் தேயிலை கிடையாது. தெல்தோட்டைப் பக்கம் எந்தச் சரிவைப் பார்த்தாலும் கோப்பிதான். அப்பா நான்கு தோட்டங்களுக்கு உபதேசியார். நாங்கள் ஒரு தோட்டத்து லயத்தில், அந்த நீள வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தோம். மற்ற மூன்று தோட்டங்களுக்கும் அவர் வாரம் ஒரு தரம் நடந்து போய், வேலை முடிந்து வருகிற சனங்களைக் கூட்டி வைத்து வேதம் சொல்லித் திரும்புவார். கண்டியிலிருந்து வரும் வெள்ளைக்காரப் பாதிரியார், தமக்குப் பழசாகிப் போன ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டை அப்பாவுக்குக் கொடுத்திருந்தார். பாதிரியார் நெட்டை. அப்பா குட்டை. கோட்டு முழங்கால் வரைக்கும் தொங்கும். கைகள் உள்ளே எங்கோ தொலைந்து போயிருக்கும். வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பும்போது, அம்மாவின் தம்பியான என் மாமா வாசலில் உட்கார்ந்து, "மச்சான், கோட்டு போகுது. நீங்க எப்பப் போறீங்க?" என்று கேட்பார்.

மாமா எங்களோடுதான் இருந்தார். கோப்பிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைக் கழுவிக் காயப்போடுகிற ஸ்டோரில் அவருக்கு வேலை. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. எடுக்கச் சொன்னால், "இன்னும் கொஞ்சம் பாவம் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வாறேன்" என்பார். அப்பா சிரித்துவிடுவார். அப்பாவுக்குக் கோபிக்க வராது. உலகத்தில் அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: அட்டைக்கு. வீடு வந்ததும் வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். நானும் அம்மாவும் சுண்ணாம்பு வைத்து அட்டையை விழுத்த வேண்டும்.

அட்டைக்கு அப்படிப் பயந்தவர், சாத்தானைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். இந்த உலகத்தைப் பொல்லாதவன் ஒருவன் பிடித்து வைத்திருக்கிறான், அவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத சேனை உண்டு, அது காற்றிலேயே திரிகிறது என்பார். சனங்களுக்கு விளங்க வேண்டுமே என்று கண்டி ராசாவை இழுத்துக்கொள்வார். ராசாவைப் பிடித்துக் கப்பலேற்றிய பிறகும் அவன் ஆட்கள் கொஞ்சப் பேர் காட்டுக்குள் ஆயுதத்தோடு திரியவில்லையா, அதுபோலத்தான். யேசுநாதர் சண்டையை ஜெயித்தாயிற்று, ஆனாலும் தோற்ற படை இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை, வழியில் போகிறவன் கவனமாகத்தான் போகவேண்டும் என்பார். சொல்லும்போது அவர் கை, லயத்துக்குப் பின்னால் மரத்தடியில் சனங்கள் நட்டு வைத்திருந்த மாடசாமிக் கல்லை நோக்கி நீளும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

"பாவம் ராசா," என்பார் மாமா, பின்வரிசையிலிருந்து.

எனக்குச் சிரிப்பு வராது. காற்றில் திரிகிறது என்று அப்பா சொன்னால், காற்றில் திரிகிறதுதான். காற்று அடிக்கிற நாளில் நான் வாயை மூடிக்கொண்டே நடப்பேன்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி உதறிக் கொடியில் போடுவது என் வேலை. ஒரு புதன்கிழமை, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவர் வந்தபோது, கோட்டின் இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்தில் செம்மஞ்சளாக ஒரு பட்டை இழுத்திருந்தது. விரலால் தொட்டேன். மாவு போல ஒட்டிக்கொண்டது.

"என்னப்பா இது?"

"அங்க கோப்பி இலைக்கு அடியில என்னமோ பொடி புடிச்சிருக்கும்மா. ஒத்தையடிப் பாதையில உரசி உரசி வரணும்ல. அத விடு, காலைப் பாரு, காலைப் பாரு!" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் அட்டையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்று நான்கு வாரத்துக்கெல்லாம் எங்கள் தோட்டத்திலும் அந்தப் பொடி வந்தது. இலையைத் திருப்பினால் அடியில் செம்மஞ்சள் வட்டங்கள். தொட்டால் உதிரும். பிறகு இலையே உதிரும். பழம் எடுக்கிற நேரம் அது. கோப்பி இல்லாவிட்டால் அந்த மலையில் ஒருவருக்கும் வேலை இல்லை. பெரியவர்கள் முகமெல்லாம் மாறிப்போயின.

வழக்கமாகப் பழம் எடுக்கத் தொடங்குமுன் மாடசாமிக்குச் சேவல் அறுப்பார்கள். அந்த வருசம் அறுக்கவில்லை. ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வேண்டாமென்று சொல்லியிருந்தார். அவரும் அவர் குடும்பத்தாரும் ஞானஸ்நானம் எடுப்பதாக இருந்தது. பாதிரியார் வருகிற ஞாயிறும் குறித்தாகிவிட்டது. இலையில் பொடி வந்ததும் லயத்தில் பேச்சு எழுந்தது. சாமிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை, சாமி எடுத்துக்கொள்கிறது என்றார்கள். கங்காணி எங்கள் வாசலுக்கு வந்து நின்று, உட்காராமல் பேசினார்.

"ஐயா, எனக்குப் பயமில்ல. ஆனா ஊட்டுல பொம்பளைங்க பயப்படுறாங்க."

அவர் மீசை நடுங்குவதை நான் பார்த்தேன்.

அன்றைக்குக் கூட்டத்தில் அப்பா உரக்கப் பேசினார். கல்லுக்குக் கோபம் வராது என்றார். ஆனால் பொல்லாதவன் சும்மா இருக்கிறான் என்று நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார். அவன் கொம்போடும் வாலோடும் வருவதில்லை. நமக்கு வேண்டியவர்கள் வருகிற பாதையிலேயே வருவான், நாம் கதவைத் திறந்து விடுகிற ஆளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைவான் என்றார்.

அப்பாவுக்குக் கதவைத் திறந்து விடுகிறவள் நான்தான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நான் தனியாக ஓடைப் பாதைக்குப் போனேன். மலை மேட்டிலிருந்த மரங்களில் இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. பாதை ஓரத்து மரங்களில்தான் பொடி. கோப்பி மரத்தைத் தலை வெட்டிக் குட்டையாகவே வளர்ப்பார்கள். ஆகவே இரண்டு பக்கமும் கிளைகள் நடக்கிறவரின் இடுப்பை உரசும். அப்பா போய் வருகிற பாதையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், சரியாக அவர் கோட்டின் உயரத்துக்கு, செம்மஞ்சள். நான் இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சாத்தான் அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் தோட்டத்துக்குள் வந்திருக்கிறான். அப்பாவுக்குத் தெரியாது. கோட்டிலிருப்பவன் உள்ளே இருக்கிற மனுசனுக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதானே அப்பா பாதிரியார் பக்கத்தில் நிற்கப் போகிறார்?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவையே மரத்தில் கட்டிப்போட்டு வேப்பிலை அடிப்பார்கள் என்று பயந்தேன். பேய் பிடித்த ஒருத்திக்கு அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

அசுத்த ஆவிகளை என்ன செய்ய வேண்டுமென்று அப்பாவே சொல்லியிருந்தார். யேசுநாதர் அவற்றைப் பன்றிக் கூட்டத்துக்குள் அனுப்பினார்; பன்றிகள் ஓடித் தண்ணீரில் விழுந்து மாண்டன. தெல்தோட்டையில் கடல் இல்லை. ஓடையில் போட்டால் கீழே இருக்கிற தோட்டத்துக்குப் போய்விடும், அது நியாயமில்லை. ஸ்டோரில் கொட்டை கழுவுகிற பெரிய தொட்டி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். அப்பா கங்காணி வீட்டாருக்கு ஞானஸ்நான உபதேசம் சொல்ல வெறும் சட்டையோடு கீழ் லயத்துக்குப் போயிருந்தார். மறுநாளைக்கென்று அம்மா கோட்டை வெயிலில் போட்டுவிட்டு விறகுக்குப் போயிருந்தார். ஸ்டோர் ஆட்கள் சாப்பாட்டுக்கு ஒதுங்கியிருந்தார்கள். நான் கோட்டைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவின் வேர்வை மணம் அதில் இருந்தது. அழுகை வந்தது. ஆனாலும் பை இரண்டிலும் கல்லை வைத்துத் தொட்டிக்குள் தள்ளிவிட்டேன்.

அது சாகவில்லை. கல் பாரத்தில் கீழ்ப்பாதி இறங்கியது. மேல்பாதி காற்றை அடக்கிக்கொண்டு ஊதி எழுந்தது. கலங்கிய வழுவழுப்பான தண்ணீரில், தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையையும் விரித்து நிற்கிற மனுசன் போல அது மெல்லச் சுழன்றது. நான் பழத்தோல் குவியலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் மாமா.

அவர் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஐயையோ! ஓடியாங்க! மச்சான் தொட்டியில வுழுந்துட்டாரு! உபதேசியார் மச்சான் போயிட்டாரே!"

மேல் லயம், கீழ் லயம், எல்லாம் ஓடிவந்தது. மாமா தலையில் அடித்துக்கொண்டு நின்றாரே தவிர இறங்கவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. தொட்டியில் தண்ணீர் நெஞ்சளவுதான் என்பதும் அந்த நேரம் அவருக்கு மறந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார் ஒருவர்.

"யாரு? யாரு வுழுந்தது?"

"நம்ம உபதேசியாரு!" என்று நாலு பேர் அழுதார்கள்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. வேட்டியோடு குதித்தார். கோட்டை இறுகக் கட்டிப்பிடித்து, "கர்த்தாவே, கர்த்தாவே" என்று சொல்லிக்கொண்டே தூக்கி நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் அதற்குத் தலை இல்லை என்று கண்டார். அதன் பிறகுதான், அந்த உபதேசியார் தாம்தான் என்பது அப்பாவுக்கு நினைவு வந்தது.

மாமா அவரையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "மச்சான்... நீங்க இங்க நிக்கிறீங்கன்னா, அப்ப அது யாரு?"

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். பிறகு தோட்டமே சிரித்தது. அம்மா விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அப்பா உயிரோடு நிற்பதைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்து மாமாவைத் திட்டத் தொடங்கினார். "கண்ணுல என்னடா வச்சிருக்க? கோப்பிக் கொட்டையா?"

கோட்டைப் பிழிந்தபோது பையிலிருந்து கல் விழுந்தது. சிரிப்பு நின்றது. யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். கங்காணி கூட்டத்தைப் பார்த்தார். சேவல் அறுக்க வேண்டுமென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு வயசாளி முன்னால் நின்றார். கங்காணி அவர் தோளைப் பிடித்து, "நீதான? சாமி பேரச் சொல்லிக்கிட்டு நீ செஞ்ச வேலதான இது?" என்று உலுக்கினார். அந்த மனுசன், "இல்லங்க, இல்லங்க" என்று கும்பிட்டார்.

நான் பழத்தோல் ஒட்டிய பாவாடையோடு வெளியே வந்தேன்.

"நாந்தான் போட்டேன்."

"ஏம்மா?" என்றார் அப்பா. கோபமே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சாத்தான் ஒங்க கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்துருச்சுப்பா. ஒங்களப் புடிக்கிறதுக்குள்ள முக்கிப்புடலாம்னு பாத்தேன்."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன். உபதேசியாரின் சொந்த மகளே, ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள். எதைச் சொல்லிவிட்டேன் என்று எனக்குத் தெரியாது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா சொட்டச் சொட்டத் தொட்டியிலிருந்து ஏறினார். என் எதிரில் குந்தினார். "எப்படிம்மா தெரியும்?"

அவர் விரலைப் பிடித்து ஓடைப் பாதைக்குக் கூட்டிப் போனேன். எல்லாரும் பின்னால் வந்தார்கள். இந்தப் பக்கத்து இலை, அந்தப் பக்கத்து இலை என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். அப்பா ஈரக் கோட்டை எடுத்துத் தம் உடம்பில் வைத்து, உயரத்தை அளந்து பார்த்தார். மேட்டுப் பக்கம் ஏறிப் போய் அங்கே இருந்த இலைகளையும் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது. அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

"புள்ள சொல்றது சரி," என்றார். "நாந்தான் கொண்டாந்திருக்கேன். வேதத்தையும் கொண்டாந்தேன், இதையும் கொண்டாந்திருக்கேன். அவரை விடுங்க கங்காணி. மாடசாமியையும் திட்டவேணாம்."

கங்காணி அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தார். பிறகு தம் தோளில் கிடந்த கம்பளியை இழுத்து மடிப்பை விரித்தார். பழுப்புக் கம்பளி, ஒன்றும் தெரியவில்லை. உதறினார். வெயிலில் செம்மஞ்சளாகத் தூசு பறந்தது. கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தங்கள் கம்பளியையும் சாக்கையும் உதறிப் பார்த்தார்கள்.

"ஒங்க கோட்டு கறுப்பு, அதான் தெரிஞ்சிச்சு ஐயா," என்றார் கங்காணி.

மறுநாள் அவர் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார். எதற்கும் இருக்கட்டுமென்று திங்கட்கிழமை மாடசாமிக்கும் ஒரு சேவல் போனதாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது காதில் விழாமல் போய்விட்டது. கோட்டு ஸ்டோர் சூட்டில் காய்ந்து நன்றாகச் சுருங்கி, முதல் தடவையாக அப்பாவுக்கு அளவாக இருந்தது. ஆனால் புளித்த கோப்பி வாடை போகவே இல்லை. பாதிரியார் ஆராதனை முழுவதும் இரண்டடி தள்ளியே நின்றார்.

அதன் பிறகு சாத்தானைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் கை மரத்தடிக்கு நீளுவதில்லை. தம் கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும். கோட்டு சுருங்கிவிட்ட வெட்கம் என்று நான் நினைத்தேன்.

இன்னொரு பழக்கமும் வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் போகும்போது எல்லையிலுள்ள ஓடையில் இறங்கி, கோட்டையும் வேட்டியையும் அலசி, கையோடு கொண்டுபோன வேறு வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் மறுகரை ஏறுவார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். காய்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பேன். அப்பாவைச் சாத்தானிடமிருந்து காப்பாற்றியவள் என்ற பெருமை எனக்குத் தலைகொள்ளவில்லை.

பொடி நிற்கவில்லை. மேட்டுக்கும் போயிற்று, எல்லாத் தோட்டத்துக்கும் போயிற்று. சில வருசத்தில் கோப்பி மொட்டையாயிற்று. வேலை தேடிச் சனங்கள் மூட்டையோடு இறங்கிப் போனார்கள். கங்காணியின் குடும்பமும் போயிற்று. அவர்கள் பாதை திரும்பி மறையும்வரை அப்பா வாசலிலேயே நின்றார்.

நான் கண்டியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் அவரோடு அந்தப் பாதையில் நடந்தேன். எனக்குப் பதினாலு வயது. இரண்டு கரையிலும் கோப்பியைப் பிடுங்கித் தேயிலைக் கன்று நட்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போல ஓடையில் இறங்கினார். தண்ணீர் பனிபோலக் குளிர்ந்தது. அவர் இருமிக்கொண்டே அலசினார். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதைச் சொன்னேன். அது சாத்தானுமில்லை, சாமியுமில்லை. ஒரு வகைப் பூஞ்சணம். அதன் விதை காற்றிலேயே பறக்கும். நீங்கள் அந்தப் பாதையில் நடக்காவிட்டாலும் நம் தோட்டத்துக்கு வந்திருக்கும் என்று விளக்கினேன்.

அப்பா கவனமாகக் கேட்டார். வேட்டியைப் பிழிந்தார்.

"காத்து கொண்டாந்ததுக்குக் காத்து பதில் சொல்லட்டும்மா," என்றார். "அந்த வேட்டியக் குடு."

படிக்காத தலைமுறை, சொன்னாலும் விளங்காது என்று நினைத்துக்கொண்டே வேட்டியைக் கொடுத்தேன். விறைத்துப் போன அவர் கையை என் கை தொட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். அவ்வளவு குளிர்.

இன்று காலை கிணற்றடியில் என் கணவர் வந்து நின்றார். தெரு முழுக்க அம்மை இருந்தது, நீ போகாவிட்டாலும் வந்திருக்கும், இனியாவது இதை விடு என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை. தலையாட்டினேன். இன்னொரு வாளி இறைத்தேன்.

வாசற்படியில், நான் மாற்றிக்கொள்ள வேண்டிய சேலையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு என் மகன் நின்றான். "எவ்வளவு நேரம்மா, சீக்கிரம் வாங்க," என்றான்.